துப்பாக்கி முனையில் ஒரு பச்சைப் பொட்டு

போன தை மாதம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தோப்புக்காரர் என்னிடம் வந்தார். வயது 62. உட்கார்ந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே தீக்குச்சியில் பாதி நீளத்துக்குப் பளீரென்ற பச்சைக் குச்சி ஒன்று, அதற்கு ஒரு குட்டி உலோகக் கூடு, கீழே ஒரு திருகு.

"துப்பாக்கி முனையில இருக்கிற மணி மங்கிப் போச்சுங்க டாக்டரு. பையன் ஆன்லைன்ல இதை வரவழைச்சுக் குடுத்தான். மாட்டுனாச் சரியாப் போயிருமுங்களா?"

நான் டாக்டர் இல்லை, பார்வையைச் சோதித்துக் கண்ணாடி கொடுக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட். சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் கேட்பதில்லை. வாரக் கடைசியில் ஷாட்கன் (ஒரே வெடியில் பல சிறு ரவைகளைச் சிதறவிடும் துப்பாக்கி) சுடுபவர்களின் கண்களைப் பார்க்க ஆரம்பித்து எட்டு வருடமாகிறது. இதே கேள்வியோடு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர் மணி என்று சொன்ன பித்தளை பீடைக் கழற்றிவிட்டு ஒளிரும் பீட் போடலாமா? போடலாம், தப்பில்லை. எதற்காகப் போடுகிறோம் என்பதில்தான் பலருக்குக் குழப்பம்.

இங்கேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்துங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். தூரத்தில் ஒரு தென்னை மரத்தைப் பாருங்கள். மரம் தெளிவாக இருக்கும், விரல் மங்கலாகி இரண்டாகத் தெரியும். விரலைப் பார்த்தால் மரம் இரண்டாகும். 30 அங்குலக் குழாயுள்ள துப்பாக்கியைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தால், கண்ணிலிருந்து பீட் ஏறக்குறைய 1 மீட்டர் தள்ளி இருக்கும். இலக்காக எறியப்பட்டுப் பறக்கிற சின்னத் தட்டான கிளே 30 மீட்டருக்கு அப்பால். இரண்டையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் முடியாது. ஷாட்கன்னில் பார்க்க வேண்டியது கிளேயைத்தான். பீட் ஓரப் பார்வையில் ஒரு நிழலாக இருந்தால் போதும்.

ரைஃபிள், பிஸ்டல் பழகிவிட்டு வருகிறவர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. அங்கே குழாய் முனையில் குறிபார்க்க இருக்கும் முன் சைட்டைத்தான் கூர்ந்து பார்க்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இங்கே பீடைப் பார்த்த நொடியில் கை நின்றுவிடும், கிளே போய்விடும், ரவை அதன் வாலுக்குப் பின்னால் போகும். பளீரென்ற பொட்டு கண்ணைத் தன் பக்கம் இழுக்கும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர் புது பீட் மாட்டிய வாரமே தடுமாறினால், எனக்கு முதலில் சந்தேகம் வருவது அதன்மேல்தான்.

அளவையும் கவனியுங்கள். 3 மில்லிமீட்டர் பீட் 1 மீட்டர் தூரத்தில் இருந்தால், 30 மீட்டரில் அது மறைக்கும் அகலம் 9 சென்டிமீட்டர். போட்டிக் கிளேயின் குறுக்களவே 11 சென்டிமீட்டர்தான். 5 மில்லிமீட்டர் பீட் என்றால் 15 சென்டிமீட்டர். தட்டு முழுசாகவே பின்னால் ஒளிந்துகொள்ளும். பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. உயரமும் அப்படித்தான். குழாயின் மேல் நீளவாக்கில் ஓடும் பட்டையான ரிப்பின் மேல் கவ்வி நிற்கிற மாடல்கள் பழைய பீடைவிட 3, 4 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும். அதைப் பார்த்து நேராக்கினால் குழாய் முனை அந்த அளவு கீழே இறங்கும், 30 மீட்டரில் ரவை 9 முதல் 12 சென்டிமீட்டர் தாழ்ந்து போகும்.

ஒளிரும் பீட் என்று கடையில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. பெரும்பாலானவை ஃபைபர். சாயம் கலந்த பிளாஸ்டிக் குச்சி பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தை வாங்கி, உள்ளுக்குள்ளேயே நடத்திப்போய் நுனியில் காட்டும். பேட்டரி கிடையாது. மேகமூட்டத்திலும் நன்றாக வேலை செய்யும். சூரியன் போனால் அதுவும் போச்சு. ட்ரிட்டியம் இருட்டிலும் தானே ஒளிரும், ஏனென்றால் அது கதிரியக்க வாயு. அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 12 வருடம் என்பதால், பழைய சரக்கை வாங்கினால் பாதி வெளிச்சத்துக்குத்தான் காசு கொடுத்திருப்பீர்கள். கதிரியக்கப் பொருள் என்பதால் விதிமுறை கேட்காமல் வெளிநாட்டிலிருந்து வரவழைக்காதீர்கள். மூன்றாவது, பேட்டரியில் எரிவது. சர்வதேச ஷாட்கன் விதிகள் ஒளி உமிழும் கருவிகளையும் உருப்பெருக்கும் கருவிகளையும் துப்பாக்கியில் மாட்டத் தடை செய்கின்றன. ஃபைபர் தானாக ஒளியை உமிழ்வதில்லை என்று வாதாடலாம். வாதாடுகிற இடம் ஷூட்டிங் லைன் இல்லை, அதற்கு முன்பே கருவிச் சோதனையில் காட்டிவிடுங்கள். ஹாங்சோ ஆசிய விளையாட்டில், கிளேயைச் சுடும் போட்டியான ட்ராப்பில் அணித் தங்கம் வென்ற மூவரில் நம் புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமானும் ஒருவர். அதற்குப் பிறகு ட்ராப் பழக வருகிற பிள்ளைகள் என்னிடமும் வருகிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் துப்பாக்கியைவிட அதில் மாட்டுகிற சாமான்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்.

நிறம் என் தொழில், அதனால் இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் நம் கண் அதிகம் கூர்மையாக உணர்வது பச்சையை, 555 நானோமீட்டர் பக்கம். பொழுது சாயச் சாய அந்தக் கூர்மை நீலப் பக்கம் நகரும், சிவப்பு முதலில் கறுத்துப்போகும். ஆரஞ்சுக் கிளேக்கு முன்னால் சிவப்பு பீட் ஒட்டிக்கொண்டு தெரியும். பின்னணி முழுக்க மரம் செடி என்றால் பச்சை கரைந்துபோகும். வானம் பின்னணி என்றால் பச்சைதான் என் முதல் தேர்வு. சிவப்பு-பச்சைக் குறை உள்ள ஆண்களில் சிலருக்குச் சிவப்புக் குச்சி வெறும் கருப்புப் புள்ளியாகத்தான் தெரியும். தனக்கு அந்தக் குறை இருப்பதே நாற்பது வயதுவரை தெரியாமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறக் குறையைச் சோதிக்கும் இஷிஹாரா புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பீட் வாங்கும் முன் அதைச் செய்யுங்கள்.

பீட் மாற்றினால் தீராத இன்னொரு விஷயம் ஓங்கு கண். வலது தோளில் துப்பாக்கி, ஆனால் மூளை நம்புவது இடது கண்ணை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். அப்படியே ஒரு கண்ணை மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் கடிகாரம் காணாமல் போகிறதோ அதுதான் ஓங்கு கண். பன்னிரண்டாம் வகுப்புப் பொண்ணு ஒருத்தியின் அப்பா அவளுக்கு மூன்று விதமான பீட் மாற்றிப் பார்த்துவிட்டார். நான் செய்தது, அவள் கண்ணாடியின் இடது லென்ஸில், துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும்போது பீட் தெரிகிற இடத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டேப் துண்டு ஒட்டியதுதான். இதற்கென்றே குழல் மாதிரி மூடிய ஃபைபர் பீட் உண்டு. ரிப்புக்கு நேர் பின்னால் இருக்கும் கண்ணுக்கு மட்டும் அது தெரியும். ஒளிரும் பீடில் நான் தயங்காமல் சிபாரிசு செய்வது அந்த வகையைத்தான்.

மாட்டுவதைப் பற்றி: திருகின் மரை அளவு துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். இத்தாலித் துப்பாக்கிகள் பெரும்பாலும் மில்லிமீட்டர் மரை, அமெரிக்கத் துப்பாக்கிகள் அங்குல மரை. இறுகவில்லையே என்று அழுத்தித் திருகினால் ஓட்டை கெட்டுவிடும். ரிப் இல்லாத குழாயில் திருகு கொஞ்சம் நீளமாக இருந்தாலே முனை குழாய்க்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த வழியாகத்தான் ரவை போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பழுதுபார்க்க ஆயுதச் சட்டப்படி உரிமம் வைத்திருப்பவரிடம் கொடுத்து மாட்டுங்கள். மாட்டிய பிறகு குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். துடைக்கும்போது அசிட்டோன் மாதிரி எதுவும் ஃபைபர் மேல் படக்கூடாது, பாலிஸ்டைரீன் கரைந்துவிடும்.

"ராத்திரி தோட்டத்துக்குப் பன்னி வருதுங்க, அதுக்கு ஆகுமா?" என்றும் கேட்கிறார்கள். 1972-ம் வருட வனவிலங்குச் சட்டத்தில் அனுமதி இல்லாமல் காட்டு விலங்கைச் சுடுவது குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். கண்காரனாக நான் சொல்வது, ஒளிரும் பீட் உங்களுக்குக் காட்டுவது உங்கள் துப்பாக்கியின் முனையை மட்டும்தான். எதிரே புதரில் அசைவது பன்றியா, தண்ணீர் கட்டப் போன ஆளா என்பதை அது காட்டாது. இருட்டில் பளீரென்ற ஒரு புள்ளி கண்முன் இருந்தால், அதற்கப்பால் இருப்பது இன்னும் இருட்டாகத் தெரியும்.

தோப்புக்காரர் கதைக்கு வருகிறேன். வலது கண்ணில் புரை ஆரம்பித்திருந்தது. வானத்தைப் பார்த்தாலே கூசுகிறது, சாயங்காலம் கிளே ஓரம் கலைந்து தெரிகிறது என்று அப்புறம்தான் சொன்னார். போட்டிருந்ததோ புரோகிரசிவ் கண்ணாடி, ஒரே லென்ஸில் மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகும் வகை. கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் அவர் பார்ப்பது லென்ஸின் மேல்மூலை வழியாக, அங்கே பார்வை கோணலாகும். மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். ஆபரேஷன் முடிந்து, சுடுவதற்கென்று தனியாக ஒற்றைப் பவர் கண்ணாடி, லென்ஸின் மையத்தை ஏற்றி வைத்துச் செய்து கொடுத்தேன்.

ஆடியில் மறுபடி வந்தார். கிளேயின் விளிம்பு கத்தி மாதிரி தெரிகிறதாம். "மணி மட்டும் இன்னும் மங்கலாத்தான் இருக்குதுங்க" என்றார். தூரத்துக்கென்று வைத்த லென்ஸ், 1 மீட்டரில் இருப்பது அப்படித்தான் தெரியும் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, பிரிக்காத பொட்டலத்தை மறுபடி எடுத்து வைத்தார்.

"அப்ப இது பையனுக்கு ஆகுமுங்களா?"

பையனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.