13 ஏறாது, 14 ஆடும்: பழைய பிரிட்டிஷ் காரின் ஸ்பேனர் கணக்கு

லண்டன் பக்கம் வசிக்கும் வாசகர் ஒருவர் 1951-ஆம் வருட எம்.ஜி. டி.டி. கார் ஒன்றைப் பிரித்துப் போட்டிருக்கிறார். அவர் கேட்கிறார்: “இன்ஜின் போல்ட்டுக்கு 13 மி.மீ. ஸ்பேனர் ஏறவே மாட்டேன் என்கிறது. 14 லொடலொடவென்று ஆடுகிறது. அரை இஞ்சும் ஏறவில்லை. பேசாமல் 14-ஐப் போட்டு ஒரு இழு இழுத்தால் என்ன?”

இழுத்துவிடாதீர்கள். அந்த போல்ட்டின் அறுகோணத் தலையில் எதிரெதிர்ப் பட்டைகளுக்கு நடுவே 0.525 இஞ்ச், அதாவது 13.3 மி.மீ. சொச்சம். அதற்கென்றே ஒரு ஸ்பேனர் உண்டு, ‘1/4 W’ என்று பொறித்திருக்கும். கால் இஞ்ச் என்று போட்டுவிட்டு வாயை அரை இஞ்சுக்கு மேல் வைத்தது ஏன்?

W என்றால் விட்வொர்த். மான்செஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜோசப் விட்வொர்த் 1841-இல் ஒரு யோசனை சொன்னார். அதுவரை பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. ஒரு பட்டறையின் நட்டு இன்னொரு பட்டறை போல்ட்டில் ஏறாது. அவர் பல பட்டறைகளின் போல்ட்களைச் சேகரித்து, சராசரி பார்த்து, மரையின் கோணம் 55 டிகிரி, கால் இஞ்ச் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 20 மரை என்று வகுத்தார். ஸ்பேனருக்கு எண் வந்தது போல்ட் தண்டின் விட்டத்தை வைத்து. தலையின் அகலத்தை யாரும் கேட்கவில்லை.

1908-இல் பி.எஸ்.எஃப். என்ற நெருக்கமான மரை வந்தபோது தலையை ஒரு சைஸ் சின்னதாக வைத்தார்கள். அதனால் 1/4 விட்வொர்த் ஸ்பேனர் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்குச் சரியாக உட்காரும். இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சம் பிடிக்க விட்வொர்த் தலைகளையும் ஒரு சைஸ் இறக்கினார்கள். ஆக, ஸ்பேனரில் உள்ள எண்ணை நம்பிப் புண்ணியமில்லை. வெர்னியரை எடுத்துத் தலையை அளந்துவிடுங்கள். 0.445 இஞ்ச் என்றால் 3/16 W, 0.525 என்றால் 1/4 W, 0.600 என்றால் 5/16 W, 0.710 என்றால் 3/8 W. துருவும் தேய்மானமும் கொஞ்சம் முன்பின் காட்டும்.

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். அரை மில்லிமீட்டர் சொச்சம் கூடுதல் இடைவெளி ஏன் ஒரு போல்ட்டையே காலி செய்கிறது?

நம் போல்ட்டின் மையத்திலிருந்து மூலை வரை 7.7 மி.மீ. அதில் 14 ஸ்பேனரைப் போட்டால், முதல் 5.4 டிகிரி அது சும்மா சுற்றும். பிறகு எதிரெதிரான இரண்டு மூலைகளில் மட்டும் முட்டும். பட்டை முழுக்கப் படிய வேண்டிய விசை இப்போது இரண்டு கோடுகளில் இறங்குகிறது. அதோடு விட்டால் பரவாயில்லை. ஸ்பேனரின் தாடை தன் முகத்துக்குச் செங்குத்தாகத்தான் தள்ளும். அந்தத் தள்ளுதலின் கோட்டுக்கும் போல்ட்டின் மையத்துக்கும் உள்ள தூரம்தான் உண்மையான நெம்புகோல் கை. இந்த போல்ட்டில் அது அதிகபட்சம் 3.85 மி.மீ. இருக்க முடியும். 5.4 டிகிரி சாய்ந்தவுடன் 3.2 ஆகிவிடுகிறது. கைப்பிடி எவ்வளவு நீளமானாலும் போல்ட்டைத் திருப்புவது இந்த மூன்று சொச்சம் மில்லிமீட்டர்தான்!

20 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும் என்று வையுங்கள். உராய்வை விட்டுவிட்டால், ஒவ்வொரு மூலையிலும் சுமார் 320 கிலோ எடைக்குச் சமமான விசை. மூலை கொஞ்சம் நசுங்குகிறது, சாய்வு 10 டிகிரி ஆகிறது. கை 2.6 மி.மீ.யாகக் குறைகிறது. அதே முறுக்குக்கு இப்போது 390 கிலோ வேண்டும். 15 டிகிரியில் 500 கிலோவைத் தாண்டும். மூலை பலவீனமாக ஆக ஆக அதன் மேல் சுமை ஏறுகிறது, சுமை ஏற ஏற மூலை இன்னும் மழுங்குகிறது. அதனால்தான் போல்ட் தலை மெல்ல மெல்ல வழுக்குவதில்லை. ஒரே இழுப்பில் ‘சடக்’. இதைப் பார்த்துவிட்டு வண்டிக்கு ராசியில்லை என்று எலுமிச்சம்பழம் நறுக்குபவர்களும் உண்டு. அந்தக் காசுக்கு ஒரு வெர்னியர் தேறாவிட்டாலும் நல்ல கிரீஸாவது வாங்கலாம்.

வைத்தியம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆறுமுனை பாக்ஸ் ஸ்பேனர் போட்டால் அதே சுமை ஆறு மூலைகளுக்குப் பங்காகும். பன்னிரண்டு முனை பாக்ஸ், மழுங்கிய தலையில் சீக்கிரம் தாண்டிவிடும். ஸ்க்ரூ ஸ்பேனரைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை, அதன் தாடை எப்போதும் ஆடும்.

1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் கூடி 60 டிகிரி மரைக்கு ஒப்புக்கொண்டன. பிறகு வந்த கார்களுக்குப் பட்டைக்குப் பட்டை அளந்த ஏ.எஃப். ஸ்பேனர் போதும். நட்டின் பட்டையில் ஒன்றையொன்று தொடும் வட்டங்கள் பொறித்திருந்தால் அது இந்த இனம். ஆனால் 5/16-இல் பழைய பி.எஸ்.எஃப். மரை இஞ்சுக்கு 22, புதியதில் நெருக்கமான மரை 24. மாற்றிப் போட்டால் ஓரிரு சுற்று சமர்த்தாக ஏறிவிட்டுத்தான் இறுகும். துரு என்று நினைத்து முறுக்கினால் மரை போச்சு. இப்படிப் பொதுவான அளவு வகுக்கும் வேலைக்கு யாரும் பரிசு கொடுப்பதில்லை, ஆராய்ச்சி நிதியும் கடைசியில்தான் வரும். இது அநியாயம் என்பது என் கட்சி.

வாசகரின் காரில் இன்னொரு கூத்தும் உண்டு. முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் கோவென்ட்ரியில் தொழிற்சாலை போட்டது. 1923-இல் அதை மோரிஸ் கார் நிறுவனம் வாங்கியது. இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டுபவை, மெக்கானிக்குகளின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே மரை மெட்ரிக், தலை விட்வொர்த்! எம்.ஜி.யும் மோரிஸ் குடும்பம்தான், அதனால் அந்த வழக்கம் எம்.ஜி. டி வரிசை இன்ஜின் வரை வந்துவிட்டது. இவருடைய போல்ட் 8 மி.மீ. தண்டு, 1 மி.மீ. மரை இடைவெளி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டில் இடைவெளி 1.25, அது இறங்காது. தேடிப் பிடித்து 1 மி.மீ. இடைவெளியில் வாங்கினாலும் தலை பெரும்பாலும் 13-ஆகத்தான் இருக்கும். எனவே பழைய போல்ட்களில் மரையும் தலையும் நன்றாக இருப்பவற்றைக் கழுவி எடுத்து வையுங்கள். டாஷ்போர்டு மின்சார வேலைக்குப் போகும்போது பி.ஏ. என்ற இன்னொரு குட்டி மரை வரிசை காத்திருக்கிறது. அதற்கு 0, 2, 4 மூன்று எண் ஸ்பேனர்களை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.