ஆர்ட்டிகுலேஷன்: பாடப் பொருத்தம்

கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மாற நினைக்கும் மாணவர் காதில் அடிக்கடி விழும் சொல் 'ஆர்ட்டிகுலேஷன்'. அகராதியில் தேடினால் 'உச்சரிப்பு' என்று இருக்கும். அதை நம்பி 'ஆர்ட்டிகுலேஷன் அக்ரிமென்ட்' என்பதை 'உச்சரிப்பு உடன்படிக்கை' என்று பெயர்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது.

லத்தீனில் 'ஆர்ட்டுஸ்' என்றால் உடலின் மூட்டு. 'ஆர்ட்டிகுலுஸ்' என்றால் விரல் கணுவைப் போன்ற சிறு மூட்டு. ஒலிகளைக் கணுக்கணுவாகப் பிரித்துத் தெளிவாகச் சொல்வதால் அந்தச் சொல் பேச்சுக்கும் போயிற்று. கல்வித் துறையில் வழங்குவதோ பழைய உடற்பொருள்தான்: இரண்டு எலும்புகள் பொருந்தும் இடம். இங்கே ஓர் எலும்பு ஈராண்டுச் சமுதாயக் கல்லூரி, மற்றது நான்காண்டுப் பல்கலைக்கழகம்; கல்லூரியில் படித்த பாடத்தைப் பல்கலைக்கழகம் தன் பாடத்துக்கு ஈடாக ஏற்பதுதான் மூட்டு.

1960-இல் அந்த மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டம் கலிபோர்னியா பல்கலைக்கழகம் (யூசி), கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், ஈராண்டுக் கல்லூரிகள் என்று மூன்று அடுக்குகளுக்கும் தனித்தனிப் பணி கொடுத்தது. கீழ் அடுக்கில் தொடங்கியவர் மேலே போக வழி இருக்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இன்று 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பாடத்திட்டத்தைத் தானே எழுதுகிறது. ஆகவே ஒவ்வொரு பாடத்துக்கும் மூட்டு தேவைப்படுகிறது.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'மாற்றத்தக்க பாடம்' வேறு, 'பொருந்திய பாடம்' வேறு. ஒரு மாணவி தன் கல்லூரியில் நிரல் எழுதும் பாடம் ஒன்றைத் தேறிவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அது யூசிக்கு மாற்றத்தக்கது. யூனிட்டுகள், அதாவது பட்டத்துக்குச் சேரும் பாட அலகுகள், அவள் கணக்கில் ஏறும். ஆனால் அவள் சேரப்போகும் வளாகத்தின் கணினித் துறை தன் அறிமுகப் பாடத்துக்கு அதை ஈடாக ஏற்காவிட்டால், அந்தப் பாடத்தை அவள் மறுபடியும் படிக்க வேண்டும். யூனிட் இருக்கும், ஒரு பருவமும் அதற்கான கட்டணமும் போயிருக்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படியேறும் பிள்ளைக்கு இது சின்ன இழப்பு அல்ல.

இரண்டு ஏற்பும் இரண்டு இடங்களில் நடக்கின்றன. மாற்றத்தக்கதா என்பதை யூசியின் தலைமை அலுவலகம் எல்லா வளாகங்களுக்கும் பொதுவாகத் தீர்மானிக்கிறது. தன் பாடத்துக்கு ஈடா என்பதை அந்தந்த வளாகத்தின் பேராசிரியர்கள் பாடத்திட்டத்தைப் படித்து முடிவு செய்கிறார்கள். கல்லூரியில் இதற்கென்றே ஓர் அலுவலர் இருந்து, தாள்களை அனுப்பி, பதில் வாங்கிப் பதிவு செய்கிறார்.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பாட இணைப்பு' மிகப் பொதுவாக இருக்கிறது. 'மூட்டு' மூலத்துக்கு நெருக்கம்; கைலியின் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பதை மூட்டுவது என்றுதான் சொல்கிறோம். ஆனால் 'பாட மூட்டு' என்றால் முழங்கால் வலிதான் நினைவுக்கு வருகிறது. 'இணைத்தன்மை' இரண்டும் சமம் என்கிறது. இங்கே கேள்வி அதுவல்ல, ஒன்றின் இடத்தில் மற்றது உட்காருமா என்பது. எனவே நான் 'பாடப் பொருத்தம்' என்கிறேன். தச்சர் மரத்தில் பார்ப்பதும் பெரியவர்கள் ஜாதகத்தில் பார்ப்பதும் அதே சொல். உடன்படிக்கையைப் 'பாடப் பொருத்த உடன்பாடு' என்றும், அந்த அலுவலரைப் 'பாடப் பொருத்த அலுவலர்' என்றும் சொல்லலாம்.

2021-இல் வந்த ஒரு சட்டம் எல்லாச் சமுதாயக் கல்லூரிகளும் ஒத்த பாடங்களுக்கு ஒரே எண் கொடுக்கச் சொன்னது. அதனால் புள்ளியியல் அறிமுகம் இப்போது எங்கும் 'சி1000' என்று வரத் தொடங்கியிருக்கிறது. அசிஸ்ட் என்ற பொதுத் தளத்தில் மாணவர்கள் உடன்பாடுகளை நேரே பார்க்கலாம்: இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் கல்லூரியின் பாடம். ஈடு எதுவும் இல்லாத வரிசையில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு நிற்கும். அதை 'பொருந்தும் பாடம் இல்லை' என்று தமிழில் எழுதிப் பார்த்தேன். மாணவருக்கு அங்கே தெரிய வேண்டியது அவ்வளவுதான்.