ஸ்பார்ஸ் திட்டினால் காஸ்ட் போட்டு மூடாதீர்கள்

"ஸ்பார்ஸ் வார்னிங் சரிசெய்யப்பட்டது" என்று இன்னொரு டிரைவர் பேட்ச் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. ஸ்பார்ஸ் என்பது லினக்ஸ் கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோடை ஓட்டாமலே படித்துத் தவறுகளைச் சுட்டும் கருவி. உள்ளே வழக்கம்போல ஒரே வரி மாற்றம்: யூசர் பாயின்டரின் (யூசர் புரோகிராம் கொடுக்கும் மெமரி முகவரி) முன்னால் ஒரு ஃபோர்ஸ் காஸ்ட், அதாவது "இதைக் கண்டுகொள்ளாதே" என்று ஸ்பார்ஸுக்குச் சொல்லும் டைப் மாற்றம். வார்னிங் போய்விட்டது, ஓட்டை அப்படியே இருக்கிறது. சாதாரண காஸ்டுக்கு ஸ்பார்ஸ் மசியாது என்று தெரிந்துகொண்டு ஃபோர்ஸைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்த உழைப்பைக் கோடைப் படிப்பதில் காட்டியிருக்கலாம்.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2003-இல் ஸ்பார்ஸைத் தொடங்கியபோது அது பிடிக்க வேண்டியவற்றில் முக்கியமானதே இந்தக் குழப்பம்தான்: யூசர் முகவரியும் கர்னல் முகவரியும் கலந்துபோவது.

கேட்டால் ஒரே பதில்: "டெஸ்ட் பண்ணினோம், ஓடுகிறதே." ஓடத்தான் செய்யும்! எக்ஸ்86-இல் சிஸ்டம் கால் நடக்கும்போதும் அந்தப் புரோகிராமின் மெமரி மேப் ஆகியே இருக்கும். ஸ்மாப் (கர்னல் யூசர் மெமரியை நேரடியாகத் தொடுவதைத் தடுக்கும் பிராசசர் வசதி) இல்லாத மெஷினில் கர்னல் அதை நேரடியாகத் தொட்டால் சரியான மதிப்புதான் வரும். உங்கள் டெஸ்ட் புரோகிராம் தன் முகவரியை ஒழுங்காகக் கொடுக்கிறது. தாக்க வருபவர் கர்னல் முகவரியைக் கொடுப்பார். யூசர் மெமரியைப் படிக்க கர்னலில் உள்ள காப்பி ஃப்ரம் யூசர் ஃபங்ஷன், முகவரி யூசர் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடும். உங்கள் நேரடி டீரெஃபரன்ஸ் (பாயின்டர் காட்டும் இடத்தைத் தொடுவது) எதையும் பார்க்காது. அப்போது ஸ்மாப் இருந்தாலும் பயனில்லை, அது தடுப்பது யூசர் பக்கங்களைத்தான். எத்தனை முறை டெஸ்ட் ஓட்டினாலும் இது வெளியே வராது.

ஸ்மாட்ச் என்ற இன்னொரு சோதனைக் கருவி சொல்வதையும் இப்படித்தான் தள்ளிவிடுகிறார்கள். "முதலில் டீரெஃபரன்ஸ், பிறகு நல் சோதனை" (நல் என்றால் எங்கும் காட்டாத வெற்றுப் பாயின்டர்) என்று அது சொன்னால் அழகுக்காகச் சொல்வதாக நினைப்பு. 2009-இல் லினக்ஸின் டன் (TUN) நெட்வொர்க் டிரைவரில் இதே வரிசைதான் இருந்தது. பாயின்டரை ஏற்கெனவே தொட்டாயிற்று, அது நல் ஆக இருக்க முடியாது என்று ஜிசிசி கம்பைலர் நல் சோதனையையே நீக்கிவிட்டது. கடைசியில் சாதாரண யூசருக்கு ரூட் (முழு நிர்வாகி) அதிகாரம் கிடைத்தது. அதன் பிறகுதான் அப்படி நீக்காதே என்று சொல்லும் ஃபிளாக் கர்னல் பில்டில் சேர்ந்தது.

சரி, என்ன செய்யலாம்? கர்னலை பில்ட் செய்யும் மேக் கட்டளையில் சி=1 கொடுத்தால் மீண்டும் கம்பைல் ஆகும் ஃபைல்கள் மட்டுமே ஸ்பார்ஸால் சோதிக்கப்படும். ஏற்கெனவே பில்ட் ஆன மரத்தில் அதை ஓட்டிவிட்டு "ஒரு வார்னிங்கும் இல்லை" என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எல்லா ஃபைல்களையும் சோதிக்கும் சி=2 போடுங்கள். எரர் பாதையில் விட்டுப்போன அன்லாக்கை (போட்ட லாக்கை விடுவிப்பது) பிடிக்க ஸ்மாட்சையும் ஓட்டுங்கள். ஃபோர்ஸ் உண்மையிலேயே தேவைப்படும் இடங்கள் உண்டு. அங்கே ஏன் அது பாதுகாப்பானது என்று பக்கத்திலேயே ஒரு வரி கமென்ட் எழுதுங்கள். அந்த வரி எழுத வரவில்லையென்றால் பேட்சை அனுப்பாதீர்கள்.