எடை குறையாவிட்டாலும் நடையை நிறுத்தாதீர்கள்

நீரிழிவைத் தடுக்க முடியுமா என்று பல நாடுகள் ஆராய்ந்திருந்தாலும், நம் உடல்வாகுக்கு நெருக்கமான விடை, மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்தி 2006இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் கிடைத்தது. 'பார்டர் சுகர்' நிலையில், அதாவது சர்க்கரை இயல்பைவிடக் கூடியும் நீரிழிவு அளவை எட்டாமலும் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடைப்பயிற்சியையும் சீர்செய்தவர்களிடம் அது 39.3 சதவீதமாகவும், மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையை எடுத்தவர்களிடம் 40.5 சதவீதமாகவும், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களிடம் 39.5 சதவீதமாகவும் இருந்தது. எதற்கும் ஒரு மாத்திரையையும் எழுதிவிடுங்கள் என்று கேட்பவர்கள் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும்.

எனினும், நான் நோயாளிகளிடம் அதிகம் எடுத்துச் சொல்வது வேறொன்று. வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவினருக்கு உடல் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மூன்று மாதம் நடந்துவிட்டு, எடை மெஷினில் ஏறி, "ஒரு கிலோகூடக் குறையலையே டாக்டர்" என்று சலித்துக்கொண்டு நடையை விட்டுவிடுபவர்கள் இழப்பது இந்தப் பலனைத்தான். வேலை செய்யும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்திலுள்ள குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. அந்த மாற்றம் எடை மெஷினில் தெரியாது. அதற்காகப் பருமனானவர்கள் எடையை மறந்துவிடலாம் என்று பொருளில்லை: 7 சதவீத எடைக்குறைப்பை இலக்காக வைத்த அமெரிக்க ஆய்வில் (2002) வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது.

சென்னை ஆய்வில் கேட்டதும் பெரிய தவமில்லை: சர்க்கரையையும் மாவுச்சத்தையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டி, உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள் தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன், பார்டரில் இருப்பது தெரிய வேண்டுமே! வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும், பசி தாங்காமலோ அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதாலோ கிளம்பிவிடுபவர்கள் ஏராளம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து கொடுக்கும் ரத்தத்தில் 140 முதல் 199 வரை இருந்தால்தான் சென்னை ஆய்வில் சேர்த்தார்கள். வெறும் வயிற்று அளவு இயல்பாக இருந்தும் இந்த அளவு கூடியிருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவிலும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்திருப்பதால், நடப்பவர்களும் இந்தப் பரிசோதனையை ஆண்டுக்கொருமுறை செய்துகொள்ள வேண்டும்.