மூன்று பேர் சீட்டும் ஒரு மென்பொருள் ஜன்னலும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிம்ப் என்ற கட்டற்ற படத்திருத்த மென்பொருளில் அழைப்பிதழ் வடிவமைக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பழைய மானிட்டரில் கிம்ப் 2.8 நன்றாகத் தெரிந்தது. புது லினக்ஸ் லேப்டாப்பில் அதே கிம்ப்பின் பட்டன்கள் எறும்பு அளவுக்குச் சுருங்கிவிட்டன. கிராபிக்ஸ் கார்டு மாற்றினால் சரியாகுமா?”

ஆகாது. காசைச் செலவழிக்க வேண்டாம். 17 அங்குல, 1280×1024 மானிட்டரில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 96 பிக்சல். 14 அங்குல, 1920×1080 லேப்டாப்பில் 157. அதனால் 24 பிக்சல் ஐகான் அங்கே 6.3 மில்லிமீட்டர், இங்கே 3.9 மில்லிமீட்டர். கிம்ப் 2.8 நிற்பது ஜிடிகே 2 என்ற கருவித்தொகுப்பின் மேல்; ஜன்னல், பட்டன், லேபிள் எல்லாவற்றையும் திரையில் வரைந்து தருவது அதுதான். 2002-ல் வெளியான அதற்கு ஒரு பிக்சல் என்றால் திரையின் ஒரு புள்ளி, அவ்வளவுதான். 2013-ல் வந்த ஜிடிகே 3.10 முதல், நிரல் கேட்கும் ஒரு பிக்சலைத் திரையின் 2×2 புள்ளிகளாக வரைய முடிகிறது. புள்ளிகளாகச் சேமித்த பழைய பிஎன்ஜி ஐகான்கள் அப்போது மங்கும். எந்த அளவிலும் கூர்மை குறையாத எஸ்விஜி ஐகான்களாக மாற்றினால் தீர்ந்தது.

பெரிதாக்குவது சுலபமான பாதி. பெரிதான எழுத்துக்கு ஜன்னலில் இடம் யார் தருவது? இந்தத் துறையிலேயே எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு இங்கேதான் இருக்கிறது.

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸில் மூன்று பேர் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு அளவு உண்டு: நெருக்கி உட்கார்ந்தால் எவ்வளவு, வசதியாக உட்கார்ந்தால் எவ்வளவு. ஜிடிகே 3 ஒவ்வொரு பட்டனிடமும் லேபிளிடமும் இதே இரண்டைத்தான் கேட்கிறது. 400 பிக்சல் அகல வரிசையில் மூன்று உறுப்புகள் என்று வைப்போம். லேபிளுக்கு நெருக்கம் 60, வசதி 180. உள்ளீட்டுப் பெட்டிக்கு 100, 160. பட்டனுக்கு 80, 120. முதலில் எல்லோருக்கும் நெருக்க அளவு கிடைக்கும், மொத்தம் 240. மீதி 160. வசதிக்கு இன்னும் தேவைப்படுவது முறையே 120, 60, 40, மொத்தம் 220. எல்லோருக்கும் போதாது.

இப்போது நிரல் சின்னத் தேவையிலிருந்து தொடங்குகிறது. 160-ஐ மூவருக்குப் பிரித்தால் தலைக்கு 53 சொச்சம். பட்டனுக்கு 40 போதும், அதை வாங்கிக்கொண்டு விலகுகிறது. மீதி 120, இருவருக்கு 60 வீதம். பெட்டியின் தேவை சரியாக 60, அதுவும் நிறைந்தது. கடைசி 60 லேபிளுக்கு. ஆக லேபிள் 120, பெட்டி 160, பட்டன் 120. மூவரில் இருவர் முழு வசதியோடு உட்கார்ந்துவிட்டார்கள். மீதியை வெறுமனே சமமாக வெட்டியிருந்தால் பட்டனில் வெற்றிடம் கிடக்கும், பெட்டி இடமில்லாமல் தவிக்கும்.

லேபிளின் கதை இன்னும் முடியவில்லை. “உனக்கு 120 தான், அப்படியானால் எவ்வளவு உயரம் வேண்டும்?” என்று அடுத்த கேள்வி வரும். வரி மடங்க அனுமதி இருந்தால் அது இரண்டு வரி உயரம் கேட்கும். ஜன்னலை இழுத்து அகலமாக்கினால் மறுபடி ஒரே வரி. இத்தனையும் கண் இமைப்பதற்குள் நடக்கிறது.

ஜிடிகே 2 ஒரே அளவைத்தான் கேட்கும். நிரலாளர் பட்டனுக்கு 80 என்று ஆணியடித்தால் அதுவே சட்டம். உள்ளே இருக்கும் எழுத்து வெட்டுப்படும். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து அடித்த ஆணியில் ‘விருப்பத்தேர்வுகள்’ எப்படி அடங்கும்? ஜிடிகே 3-ல் அந்த எண்ணால் நெருக்க அளவைக் கூட்டலாம், உறுப்பு கேட்டதற்குக் கீழே குறைக்க முடியாது.

தமிழுக்கு இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வரி மடங்குவது சொல் இடைவெளியில்தான். நம் சொற்களோ ஒட்டி ஒட்டி நீள்பவை. மடங்கும் லேபிளின் நெருக்க அளவை அதிலுள்ள மிக நீளமான சொல் தீர்மானிக்கிறது. நான்கு நீளச் சொற்கள் ஒரே வரிசையில் வந்தால் ஜன்னல் திரையை விட்டு வெளியே போகும். லேபிளைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல் மேலே வைப்பதே நல்ல தீர்வு. ‘அமைப்புகள்’ போதுமான இடத்தில் ‘விருப்பத்தேர்வுகள்’ வேண்டாம் என்று மொழிபெயர்ப்பாளரும் உதவலாம்.

ஜிடிகே 2 மென்பொருளை ஜிடிகே 3-க்கு மாற்றும் நிரலாளருக்கு வரிசை முக்கியம். ஜிடிகே 2-ல் இருக்கும்போதே, கைவிடப்பட்ட செயற்கூறுகளைத் தடுக்கும் விருப்பங்களோடு நிரலைத் தொகுத்து, வரும் பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்த்து, சொந்தமாக வரையும் பகுதிகளை கெய்ரோ என்ற வரைதல் நூலகத்தின் வழிக்கு மாற்ற வேண்டும். பிறகு ஜிடிகே 3-க்குத் தாவ வேண்டும். அது ஓடிய பின்தான் தோற்றத்தில் கை வைக்கலாம். மூன்றையும் ஒன்றாகச் செய்தால் எது எதை உடைத்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு படியிலும் தமிழ் மொழியிலும் இருமடங்கு அளவிலும் ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

ஜிடிகே 3 வந்தது 2011-ல். அதன் மேல் கட்டிய கிம்ப் 3.0 வந்தது 2025 மார்ச்சில். ஜிடிகே என்ற பெயரே கிம்ப்பின் கருவித்தொகுப்பு என்பதிலிருந்து பிறந்தது. அந்தக் கிம்ப்புக்கே 14 ஆண்டு. புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்குப் பணம் தருபவர்கள் இருபது வருட நிரலைப் பழுதுபார்க்கப் பெரும்பாலும் தருவதில்லை. இது தவறு என்றே நினைக்கிறேன். புதுச்சேரி, கடலூர் வட்டாரப் பொறியியல் மாணவர்கள் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் ஒரே ஒரு ஜன்னலை ஒழுங்காக மாற்றித் தந்தால், அதை இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஏற்று முழு மதிப்பெண் தரலாம்.

வாசகருக்கு: 3.0-ஐ நிறுவுங்கள், ஆனால் பழையதை உடனே நீக்காதீர்கள். பைத்தான் 2 நிரல்மொழியில் எழுதிய பிளக்-இன்கள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) புதியதில் ஓடாது. 3.0-ன் புது வசதிகளைப் பயன்படுத்திச் சேமித்த எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்த வடிவ) கோப்பு பழையதில் திறக்காமல் போகலாம். முகூர்த்த நாள் நெருங்கும்போது மாற வேண்டாம். வேலை குறைந்த ஆடி மாதத்தில், கோப்புகளுக்கு நகல் எடுத்துவைத்துக்கொண்டு மாறுங்கள்.