தத்தெடுத்த குழந்தையை மழலையர் பள்ளியில் சேர்த்தல்: எந்தச் சான்று, எந்த உதவி?

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015-இன்படி குழந்தையைத் தத்தெடுத்த பெற்றோர், அக்குழந்தையை அங்கன்வாடியிலோ எல்.கே.ஜி.யிலோ சேர்க்கச் செல்லும்போது முதலில் தயங்குவது சேர்க்கைப் படிவத்தின் முன்புதான். பெற்றோர் பெயர் என்னும் இடத்தில் யார் பெயரை எழுதுவது, தத்தெடுப்பு ஆணையின் நகலைக் கொடுக்க வேண்டுமா என்ற கேள்விகள் எழுகின்றன. சட்டத்தின் 63ஆம் பிரிவு இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது. ஆணை நடைமுறைக்கு வரும் நாளிலிருந்து எல்லாக் காரியங்களுக்கும் அக்குழந்தை தத்தெடுத்தவர்களின் குழந்தையே. ஆகவே அவர்கள் பெயரையே எழுத வேண்டும். அதில் மறைப்பும் இல்லை, பொய்யும் இல்லை.

பள்ளியில் காட்ட வேண்டியது பிறப்புச் சான்றிதழ். 2022 செப்டம்பர் 1 முதல் தத்தெடுப்பு ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். ஆணையின் சான்றிட்ட நகல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் தத்தெடுப்பு நிறுவனம் பிறப்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றும், விண்ணப்பம் கிடைத்த 5 வேலை நாட்களுக்குள் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும் என்றும் 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. தத்தெடுத்தவர்களின் பெயரே பெற்றோர் பெயராகவும், ஆணையில் கண்ட தேதியே பிறந்த தேதியாகவும் அதில் இடம்பெறும். சேர்க்கைக்கு அதைக் கொடுத்தால் போதுமானது. ஆணை வீட்டில் பத்திரமாக இருக்கட்டும்.

ஆணை வருவதற்கு முன்பே குழந்தை வீட்டுக்கு வந்துவிடுகிறது என்பதுதான் நடைமுறைச் சிக்கல். தத்தெடுப்புக்கு முந்தைய இந்த வளர்ப்புப் பராமரிப்புக் காலத்தில் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் குறுக்கிட்டால், குழந்தை தங்களிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதைக் குறிப்பிடும் கடிதத்தைப் பெற்றோர் நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம். ஆனால் அவ்வளவு அவசரம் தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கட்டாயம் 6 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. மூன்று வயதுக் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து நான்கைந்து மாதங்களே ஆன குழந்தைக்கு, வரிசையாக விரித்த பாயும், ஒரே மாதிரித் தட்டுகளும், பல பிள்ளைகளுக்குப் பொதுவான ஓர் ஆயாவும் முன்பிருந்த இல்லத்தை நினைவூட்டக்கூடும். வாசலில் விட்டுத் திரும்பும் அம்மாவைப் பார்த்து, மறுபடியும் கைவிடப்பட்டோம் என்று அது எண்ணினால் அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அடுத்த ஆண்டு வரை காத்திருக்க முடிந்த குடும்பங்கள் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இங்கேதான் பலரும் பயன்படுத்தாமல் விடும் ஓர் உரிமை இருக்கிறது. குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, 6 மாதங்களுக்கு ஒருமுறை, தொடர் கண்காணிப்பு அறிக்கை தயாரிக்கப்பட வேண்டும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே ஒட்டுதலில் சிரமம் இருந்தால் உளவியல் ஆலோசனைக்கு ஏற்பாடு செய்வதும் நிறுவனத்தின் அல்லது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொறுப்பாகும். இந்த அறிக்கைக்காகச் சமூகப் பணியாளர் வருவதைச் சோதனையாக நினைத்து எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்லி அனுப்பிவிடாமல், பள்ளியில் சேர்க்கும் நாளை முன்கூட்டியே தெரிவித்து, இல்லத்தில் குழந்தை எதைக் கேட்டால் அழுகையை நிறுத்தும், எதைப் பிடித்துக்கொண்டு தூங்கும் என்பவற்றை விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வாரங்களில் அரை மணி நேரம் உடனிருந்து அழைத்து வருவதும், கொண்டு விடுபவரே திரும்ப அழைக்கப் போவதும், மணியடிக்கும் முன்பே வாசலில் நிற்பதும் பலன் தரும். மூன்று வயதுக்கு மணிக்கணக்கு புரியாது. “நீ சாப்பிட்டு முடித்ததும் அம்மா வந்துவிடுவேன்” என்பது புரியும். சொன்னபடி வர வேண்டும். அடம்பிடித்தால் அங்கேயே விட்டுவிடுவேன் என்று விளையாட்டாகவும் சொல்லக் கூடாது. அழாமல் யாரிடமும் உடனே போய் ஒட்டிக்கொள்ளும் குழந்தை பழகிவிட்டது என்று முடிவு செய்யவும் கூடாது. பராமரிப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்த குழந்தைகளிடம் இத்தகைய நெருக்கம் காணப்படுவதுண்டு. ஆலோசகரிடம் அவசியம் சொல்ல வேண்டிய செய்தி இது.

வகுப்பு ஆசிரியரிடம் எவ்வளவு சொல்வது என்பது பெற்றோரின் முடிவு. தத்தெடுப்பை அவரிடம் மட்டும் தெரிவித்து, பிறந்த குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்லும் செயல்பாடுகளில் இப்போதைய குடும்பப் படத்தை ஏற்குமாறு கேட்கலாம்.

வேலைக்குச் செல்லும் தாய் மத்திய அரசு ஊழியராக இருந்தால், பணிக்காலம் முழுவதற்குமாக உள்ள 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பிலிருந்து பள்ளியின் இந்த முதல் வாரங்களுக்கு எடுக்க விண்ணப்பிக்கலாம்; தனித்து வளர்க்கும் தந்தைக்கும் அது பொருந்தும். நிறுவனம் தொடர் கண்காணிப்புக்கு வராவிட்டாலோ ஆலோசனைக்கு ஏற்பாடு செய்யாவிட்டாலோ, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்துமூலம் கேட்டு, கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கிக்கொள்ள வேண்டும்.