ஜெம்ல (சர்க்கார் ஆன்லைன்ல சாமான் வாங்குற போர்ட்டல்) பதிஞ்சா மட்டும் போதாது: குமரி மாவட்ட சின்ன யூனிட்காரங்க சர்க்கார் ஆர்டர் எடுக்கும்போது எங்க மாட்டுறாங்க

நம்ம மாவட்டத்துல தும்பு (தேங்கா நார்) மில் வச்சிருக்கவங்க, தேன் பாட்டில் போடுறவங்க, லாண்ட்ரி நடத்துறவங்கன்னு நெறைய பேரு "சர்க்கார் வாங்குறதுல எஸ்சி எஸ்டிக்கு பங்கு இருக்காம், பெண்களுக்கு பங்கு இருக்காம்"னு யாரோ சொன்னதக் கேட்டு, கையில இருந்த காச ஏஜென்ட்டுக்கு குடுத்து ஒரு சர்டிபிகேட் எடுத்து கடையில மாட்டி வச்சிருக்காங்க, வருஷம் போயும் ஒரு ஆர்டர் வரல. கேட்டா "அதெல்லாம் பெரிய ஆளுகளுக்குத்தான்"னு விட்டுடுறாங்க. அப்பிடி விடக் கூடாது. சட்டத்துல பங்கு இருக்கு. ஆனா அது நம்ம கைக்கு வராம போற எடங்க எதுன்னு தெரிஞ்சுக்கணும், அதத்தான் எழுதுறேன்.

சட்டம் என்னன்னு சுருக்கமா பாத்துருவோம். 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டத்துக்கு கீழ 2012-ல ஒரு கொள்முதல் ஆணை வந்துச்சு. மத்திய அரசு துறைகளும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களும் வருஷா வருஷம் வாங்குறதுல 20% குறு, சிறு தொழில்கள்கிட்ட வாங்கணும்னு இருந்தத 2018-ல திருத்தி 25% ஆக்குனாங்க. அந்த 25-க்குள்ள 4% எஸ்சி எஸ்டி ஓனருங்களுக்கு, 3% பெண் ஓனருங்களுக்கு. டெண்டர் பாரம் இலவசம், இஎம்டி (டெண்டர் போடும்போது கட்டுற முன்பணம்) கட்ட வேண்டாம். 358 பொருள் குறு, சிறு தொழில்கள்கிட்ட மட்டுந்தான் வாங்கணும்னு தனி லிஸ்ட்டே இருக்கு, அதுல தும்பு, கயிறு, கயர் மேட், தேன், தொடப்பம், கவர் எல்லாம் உண்டு. ஈத்தாமொழிக்காரங்களும் மார்த்தாண்டம் தேன்காரங்களும் இத நல்லா பாத்துக்கிடுங்க.

இப்ப மொத குழி. இது மத்திய அரசு ஆணை. ஊராட்சி ஒன்றிய ஆபீஸ்லயும் மாநகராட்சிலயும் போயி "எங்களுக்கு 4% இருக்கு"ன்னு கேட்டா அவங்க கைய விரிப்பாங்க, அந்த விஷயத்துல அவங்க சொல்றது சரி. மாநில அரசு டெண்டருக்கு 1998 தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மை சட்டம், அது வேற விதி. அதனால யாரு வாங்குறாங்கன்னு மொதல்ல பாருங்க. மணவாளக்குறிச்சி ஐஆர்இஎல் (மணல் கம்பெனி), ரயில்வே, போஸ்ட் ஆபீஸ், பிஎஸ்என்எல், பக்கத்து மாவட்டத்துல மகேந்திரகிரி இஸ்ரோ, கூடங்குளம் அணுமின் நிலையம், இதெல்லாம் மத்திய கணக்கு. அரசு ரப்பர் கழகம், ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ், பஞ்சாயத்து எல்லாம் மாநிலக் கணக்கு. ரெண்டையும் கொழப்பிக்கிட்டு தப்பான ஆபீஸுக்கு நடந்தே செருப்பு தேஞ்சவங்கள எனக்குத் தெரியும், அவங்க கேட்டது தப்பான எடம்னு அங்க உள்ள ஒருத்தரும் வாய் தொறந்து சொல்லல, "அடுத்த வாரம் வாங்க"ன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்காங்க.

ரெண்டாவது, இந்த ஆணை நீங்க தயாரிக்கிற பொருளுக்கும் நீங்க செய்ற சர்வீஸுக்கும்தான். கட்டட வேலை, ரோடு வேலை மாதிரி ஒர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு இது கெடையாது. வாங்கி விக்கிறவங்களுக்கும் கெடையாது. இங்கதான் உத்யம் (சின்ன தொழில்னு பதியுற மத்திய அரசு பதிவு) சர்டிபிகேட்டுல ஏமாத்தம் நடக்கு. 2021 ஜூலைல இருந்து கடைக்காரங்க, மொத்த வியாபாரிகளும் உத்யம் எடுக்கலாம்னு தொறந்து விட்டாங்க, ஆனா அவங்களுக்கு பேங்க் லோன் முன்னுரிமை மட்டுந்தான், டெண்டர் சலுகை ஒண்ணுங் கெடையாது. சர்டிபிகேட் பாக்க ஒரே மாதிரி இருக்கும். கீழ என்ஐசி கோடுன்னு உங்க தொழில் எந்த வகைன்னு காட்டுற ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது 45, 46, 47-ல ஆரம்பிச்சா நீங்க டிரேடர். சொந்தமா தும்பு அடிச்சு மேட் நெய்யுற ஒரு அக்காவோட சர்டிபிகேட்ட வாங்கிப் பாத்தா 47-ல போட்டு வச்சிருக்கான் கம்ப்யூட்டர் சென்டர்காரன். அவனுக்கு அது ரெண்டு நிமிஷ வேலை, அந்த அக்காவுக்கு போட்ட பிட் (டெண்டர்ல குடுக்குற வெலைப்புள்ளி) எல்லாம் தள்ளுபடி, ஏன் தள்ளுனாங்கன்னு கூட வெளங்கல. உத்யம் பதிவு முழுக்க இலவசம், திருத்தமும் அதே வெப்சைட்டுல ஆதார் ஓடிபி வச்சு நீங்களே பண்ணலாம். கோடு, வகுப்பு, ஆணா பெண்ணா, இந்த மூணையும் இன்னைக்கே எடுத்துப் பாருங்க. வகுப்புங்குற எடத்துல எஸ்சின்னு போடாம ஜெனரல்னு தட்டி விட்டது எத்தன பேருக்கு இருக்குன்னு பாத்தா வயித்தெரிச்சலா வருது, ஏன்னா ஜெம் போர்ட்டல் உங்க விவரத்த அங்க இருந்துதான் எடுக்கும்.

ஓனர்ஷிப் பத்தி ஒரு வார்த்தை. ஒத்த ஆள் தொழில்னா அந்த ஆள் எஸ்சி எஸ்டியா இருக்கணும். பார்ட்னர்ஷிப், கம்பெனின்னா எஸ்சி எஸ்டி கையில கொறஞ்சது 51% இருக்கணும். பிரண்டோட பாதிக்குப் பாதி போட்டு டீட் எழுதுனவங்களுக்கு இந்த 4% கெடையாது. டீட் எழுதும்போது ஆடிட்டர்கிட்ட இத வாய் விட்டுச் சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க.

அடுத்து சாதி சர்டிபிகேட். நம்ம மாவட்டத்துக்குன்னே உள்ள சிக்கல் இதுல ஏராளம். திருவிதாங்கூர்ல இருந்து வந்த பகுதிங்கறதால இங்க எஸ்சி லிஸ்ட்டே கொஞ்சம் வேற. வண்ணார் சமுதாயம் தமிழ்நாடு முழுக்க எம்பிசி, குமரி மாவட்டத்துலயும் செங்கோட்டை தாலுகாவுலயும் மட்டும் எஸ்சி. பரவன், தண்டான், மண்ணான் எல்லாம் இதே மாதிரி ஊர் குறிச்சு லிஸ்ட்டுல இருக்கு. இப்ப லாண்ட்ரி சர்வீஸுக்கு பிட் போட்ட நம்ம ஊர் ஆளோட சர்டிபிகேட்ட வெளியூர் ஆபீஸ்ல பாத்துட்டு "இது எம்பிசி சாதி ஆச்சே, இது செல்லாது"ன்னு எழுதி அனுப்பிடுறாங்க. லிஸ்ட்ட ஒரு தடவ தொறந்து பாக்க அவங்களுக்கு நேரம் இல்ல. அதனால இந்த சமுதாயத்துக்காரங்க சாதி சர்டிபிகேட்டோட, தமிழ்நாடு எஸ்சி லிஸ்ட்டுல குமரி மாவட்டம்னு பேரு குறிச்சிருக்க அந்தப் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து, அந்த வரிய கோடு போட்டு சேத்தே அப்லோட் பண்ணுங்க. கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்துருங்க.

பேச்சிப்பாறை பக்கம் உள்ள காணிக்காரங்களுக்கு எஸ்டி சர்டிபிகேட் தாசில்தார் குடுக்க முடியாது, கோட்டாட்சியர் லெவல்ல உள்ளவங்கதான் குடுக்கணும், உங்க பகுதிக்கு பத்மநாபபுரம் சப் கலெக்டர். விசாரணை அது இதுன்னு இழுக்கும், டெண்டர் வந்த பெறவு அலைஞ்சா நேரம் பத்தாது, இப்பவே எடுத்து வைங்க. கல்யாணம் ஆன பெண்களுக்கு சாதி பொறந்த வீட்டு வழிதான், புருஷன் சர்டிபிகேட் கொண்டு வான்னு கேட்டா அப்பாவோட சர்டிபிகேட்ட காட்டி அதுல எடுத்துக்கோங்கன்னு சொல்லுங்க. பழைய கையெழுத்து கார்டு வச்சிருக்கவங்க இ-சேவைல ஆன்லைன் சர்டிபிகேட்டா மாத்திக்கிடுங்க. பேரு, இனிஷியல் ஆதார்லயும் பான்லயும் சாதி சர்டிபிகேட்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும், வீட்டுப் பேரு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுல இல்லன்னாலும் அதையே சாக்கா வச்சு திருப்பி விடுவாங்க.

கிறிஸ்தவ குடும்பங்களுக்கு இத மறைக்காம சொல்லணும். எஸ்சியில இருந்து மதம் மாறுன குடும்பம் தமிழ்நாட்டுல பிசி. 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுந்தான் எஸ்சி. ஒரே தெருவுல, ஒரே வேலை செஞ்சு, ஒரே அவமானத்த அனுபவிச்ச ரெண்டு வீட்டுல ஒரு வீட்டுக்கு உண்டு இன்னொரு வீட்டுக்கு இல்லங்கறது நியாயமே இல்லன்னுதான் நான் நெனைக்கேன், ஆனா இன்னைக்கு விதி அதுதான். "பழைய சர்டிபிகேட் இருக்குல்லா, அத வச்சு போடலாம்"னு ஏஜென்ட் சொன்னா ஒத்துக்காதீங்க, ரத்து பண்ணி கேஸ் போட்டா அவன் வந்து நிக்க மாட்டான். உங்களுக்கு பொது 25%-ல உள்ள எல்லா சலுகையும் உண்டு, பெண் ஓனரா இருந்தா அந்த 3%-ம் உண்டு, அத விடாதீங்க. காணி மாதிரி எஸ்டி சமுதாயத்துக்கு மதம் ஒரு தடை இல்ல.

இந்த 4% பத்தி இன்னொரு உண்மை. இது ஒவ்வொரு டெண்டர்லயும் ஒதுக்குற பங்கு இல்ல, ஒரு நிறுவனம் வருஷம் முழுக்க வாங்குறதுக்கு வைக்கிற இலக்கு. எஸ்சி எஸ்டி யாரும் கலந்துக்கலன்னாலோ தகுதி வரலன்னாலோ அந்தப் பங்க மத்த சின்ன தொழில்காரங்ககிட்ட வாங்கிக்கலாம்னு ஆணையிலயே எழுதி வச்சிருக்கு. அதாவது நாம பிட் போடாம ஒக்காந்திருந்தா அவங்களுக்கு வசதியாப் போச்சு. எந்த நிறுவனம் எஸ்சி எஸ்டிகிட்ட எவ்வளவு வாங்குச்சுன்னு எம்எஸ்எம்இ சம்பந்த் போர்ட்டல்ல போட்டிருப்பாங்க. அத பாத்துட்டு 10 ரூபா கட்டி ஆர்டிஐ போட்டு, உங்க யூனிட் சம்பந்தப்பட்ட பொருள் யார்கிட்ட வாங்குனீங்கன்னு கேளுங்க.

நேரடியா ஆர்டரா மாறுற விதி ஒண்ணு இருக்கு, அது எல்1 (டெண்டர்ல ஆகக் கொறஞ்ச வெலை) பிளஸ் 15%. பெரிய கம்பெனி ஒண்ணு 100 ரூபான்னு கொறஞ்ச வெலை போட்டிருக்கு, நீங்க 115-க்குள்ள போட்டிருக்கீங்கன்னா, "100-க்கு தர்றீங்களா"ன்னு உங்ககிட்ட கேக்கணும், ஒத்துக்கிட்டா கொறஞ்சது 25% ஆர்டர் சின்ன தொழில்களுக்கு வரணும். எல்1-ல வந்தவங்களே சின்ன தொழில்னா இந்த சான்ஸ் வராது. 100-க்கு குடுத்தா நட்டம்னா ஒத்துக்காதீங்க, ஆசைப்பட்டு ஒத்துக்கிட்டு சப்ளை பண்ண முடியாம போனா உங்க பேருதான் கெடும்.

ஜெம்ல பிட் டாக்குமெண்ட் தொறந்ததும் வெலைய பாக்காதீங்க, "எம்எஸ்இக்கு (குறு, சிறு தொழிலுக்கு) அனுபவம், டர்ன்ஓவர் விலக்கு" அப்பிடின்னு ஒரு வரி இருக்கும், அதுல எஸ் போட்டிருக்கா நோ போட்டிருக்கான்னு பாருங்க. இந்த விலக்கு வாங்குறவங்க விருப்பம், குடுத்தே ஆகணும்னு கெடையாது. நோன்னு இருந்து, மூணு வருஷ அனுபவமும் பல லட்சம் டர்ன்ஓவரும் கேட்டா, புதுசா ஆரம்பிச்சவங்க அந்த பிட்ல நேரத்த வீணாக்க வேண்டாம். ஆனா ஒரு தொடப்பம் சப்ளைக்கு கோடிக்கணக்குல டர்ன்ஓவர் கேட்டா, பிட் முடியுறதுக்கு முன்னாடி போர்ட்டல்லயே எழுத்துல கேளுங்க, "தரம் சரியா இருந்தா விலக்கு குடுக்கலாம்னு மத்திய அரசு சுற்றறிக்கையே சொல்லுதே, ஏன் குடுக்கல"ன்னு. எல்லா தடவையும் பதில் வராது, ஆனா எழுதுனது பின்னால உதவும். அதே மாதிரி இஎம்டி கட்ட சொன்னாலும் பிட் முடியுற தேதிக்கு முன்னாடி ஆட்சேபனை போயிரணும், முடிஞ்ச பெறவு கத்தி பிரயோஜனம் இல்ல. ஒண்ணு மட்டும், இஎம்டி விலக்குதான் உண்டு, ஆர்டர் கெடச்ச பெறவு கட்டுற பெர்பார்மன்ஸ் செக்யூரிட்டிக்கு விலக்கு கெடையாது, அந்தக் காச தனியா ஒதுக்கி வைங்க.

ஏஜென்ட்டுங்க விஷயத்துல கண்டிப்பா இருங்க. ஜெம் ஐடி உங்க மொபைல் நம்பர்ல, உங்க மெயில்ல இருக்கணும். அவன் நம்பர்ல போட்டா ஓடிபி அவனுக்குப் போகும், உங்க கடைய அவன் நடத்துவான். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனையும் பாஸ்வேர்டையும் "நானே வச்சிக்கிறேன் அண்ணாச்சி"ன்னு எவன் சொன்னாலும் குடுக்காதீங்க. இத விட மோசம், "உங்க பேர்ல யூனிட் போடுறோம், மாசம் இவ்வளவு தர்றோம், கையெழுத்து மட்டும் போடுங்க"ன்னு வர்றவங்க. 4% வாங்க அவங்களுக்கு நம்ம பேரு வேணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா, தும்பு கம்பெனில கூலி வேலை பாத்தவங்க, இப்பிடி கையெழுத்து போட்டு இப்ப அவங்க பேர்ல ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்து நிக்குது, லாபம் பாத்தவன் போன எடுக்குறதே இல்ல. வெத்து செக்குல கையெழுத்து போடவே போடாதீங்க.

ஆர்டர் கெடச்சு சப்ளை பண்ணதும் அடுத்த அலைச்சல் பணத்துக்கு. சரக்கு எறக்குன அன்னைக்கே தேதி, சீல், கையெழுத்து வாங்காம வண்டிய எடுக்காதீங்க. சரக்குல கொறை இருந்தா 15 நாளுக்குள்ள எழுத்துல சொல்லணும், சொல்லலன்னா ஏத்துக்கிட்டதா அர்த்தம்னு சட்டமே சொல்லுது. எழுத்துல என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளைக்கு மேல இழுக்க முடியாது. இழுத்தா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டுல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. "பண்ட் வரல"ங்கறது அவங்க பிரச்சனை, சட்டத்துல அப்பிடி ஒரு விலக்கு கெடையாது.

பணம் வரலன்னா எம்எஸ்எம்இ அமைச்சகத்தோட ஆன்லைன் புகார் போர்ட்டல்ல உத்யம் நம்பர், ஆர்டர் காப்பி, பில், டெலிவரி சலான் வச்சு புகார் போடலாம், இது மாநில அரசு ஆபீஸ் பாக்கிக்கும் சேத்துத்தான். இந்தப் புகார விசாரிக்கிற வசதியாக்க கவுன்சில் 90 நாள்ல முடிக்கணும்னு சட்டம், நடைமுறையில அதுக்கு மேலயும் இழுக்கும், தேதி விடாம போயி நிக்கணும். உங்க பக்கம் தீர்ப்பு வந்த பெறவு அவங்க கோர்ட்டுக்குப் போகணும்னா தீர்ப்பு தொகையில 75% கட்டிட்டுத்தான் போக முடியும், அதனாலயே பல எடத்துல பேசி முடிக்க வருவாங்க, அப்ப வட்டிய மொத்தமா விட்டுக் குடுத்துராதீங்க. உத்யம் பதிவு ஆர்டருக்கு முன்னாடி தேதியில இருக்கணும், சப்ளை பண்ணிட்டு பெறவு எடுத்த சர்டிபிகேட்ட காட்டுனா அந்த ஒரு காரணத்துக்கே தள்ள பாப்பாங்க.

மாநில அரசு டெண்டர்ல அநியாயமா தள்ளிட்டாங்கன்னா 1998 சட்டம் 11-வது பிரிவுல அரசுக்கு அப்பீல் போடலாம், உத்தரவு கையில வந்ததுல இருந்து 10 நாள்தான். "சாரு லீவு, திங்கக்கெழமை வாங்க"ன்னு சொல்லியே அந்த 10 நாள ஓட்டிருவாங்க, அதனால சாருக்காக காத்திருக்காம அப்பீல ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத வச்சுக்கிடுங்க. உத்யம் திருத்தத்துக்கு யாராவது உக்காந்து பாத்து குடுக்கணும்னா கோணத்துல உள்ள மாவட்ட தொழில் மையத்துக்குப் போங்க, ஆதார், பான், சாதி சர்டிபிகேட், ஆதார்ல இணைச்ச போன், நாலையும் கையோட கொண்டு போங்க.